தவறி வந்த சந்தாப் பெட்டி: ஆள் வந்து எடுக்கட்டுமா, நாமே தபாலில் போடலாமா?

மாதச் சந்தா கட்டினால் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் புத்தகமும் பெட்டியில் போட்டு அனுப்பும் கம்பெனி ஒன்று. போன முறை எங்கள் பெட்டியோடு வேறு வயதுக் குழந்தைக்கான இன்னொரு பெட்டியும் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில் வந்து இறங்கியது. கேட்டதற்கு இரண்டு வழி சொன்னார்கள். அவர்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார்கள். அல்லது நாமே அனுப்பிவிட்டு ரசீதைக் காட்டினால் செலவைத் தருவார்கள். நான் தபாலில் போட்டேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

அதற்கு முன் ஒன்று. "கேட்காமல் வந்தது உனக்கே சொந்தம், வைத்துக்கொள்" என்று வாட்ஸ்அப் வக்கீல்கள் சொல்வார்கள். அது அமெரிக்கச் சட்டத்தில், ஆர்டரே போடாதவருக்கு வேண்டுமென்றே பொருளை அனுப்பி வைக்கிற வியாபாரத்தைத் தடுக்க வந்த விதி. நம் ஊரில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, தவறுதலாகக் கைக்கு வந்ததைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அதற்காக நாம் பெட்டியைச் சுமந்து அலைய வேண்டும் என்றும் இல்லை. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், "இந்தச் சரக்கை ஏற்கவில்லை" என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும், கொண்டுபோய்க் கொடுப்பது வாங்கியவர் பொறுப்பல்ல. ஆனால் சந்தாவில் சேரும்போது நாம் டிக் அடித்த நிபந்தனைகளில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம், ஒரு தடவை படித்துவிடுங்கள். முக்கியமாக, அந்தப் பெட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அதிகப்படியாக வந்ததையும் ஏற்றுக்கொண்டால் அதற்கும் ஒப்பந்த விலை கட்ட வேண்டும் என்று அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவு சொல்கிறது.

வாசலிலேயே "வேண்டாம்" என்று திருப்பி அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் சுலபம், செலவும் இல்லை. ஆனால் தவறி வந்திருக்கிறது என்பது பெரும்பாலும் பிரித்த பிறகுதானே தெரிகிறது.

ஆள் வந்து எடுத்துப் போவதன் வசதியை விளக்கத் தேவையில்லை. காசு கிடையாது, வேலூர் வெயிலில் வெளியே இறங்க வேண்டாம். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும், வாடகைக்கு எடுத்த தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் மாதிரி கனமான சாமானுக்கும் அதுதான் சரி. ஆனால் கொண்டுவந்து கொடுக்கும் பின்கோடு எல்லாவற்றிலும் வந்து எடுக்க மாட்டார்கள். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு எல்லா பார்சலும் வரும், திருப்பி எடுக்க மட்டும் "உங்கள் பகுதியில் இந்தச் சேவை இல்லை" என்று ஆப் சொல்லும். வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்த பிறகும் வடஆற்காடு என்று பழைய மாவட்டப் பெயரிலேயே விலாசம் எழுதுகிற ஊர் அது. தபால் போய்ச் சேராமல் இருந்ததில்லை.

என்னைத் தபால் பக்கம் தள்ளியது ஒரே ஒரு விஷயம்: திருப்பிக் கொடுத்ததற்கான சாட்சி யார் கையில் இருக்கிறது என்பது.

முன்பு வேறொரு பொருளை எடுக்க வந்த தம்பியிடம் ரசீது கேட்டேன். "ஸ்கேன் பண்ணிட்டேன்கா, மெசேஜ் வரும்கா" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். மெசேஜ் வந்தது, பொய்யில்லை. அதில் "ஒரு பொருள் எடுக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது. என்ன பொருள், எத்தனை கிராம், எந்த முகவரிக்கு, ஒன்றும் இல்லை. மீதி விவரமெல்லாம் கம்பெனியின் ஆப்புக்குள். நாளைக்குச் சந்தாவை ரத்து செய்து கணக்கை மூடினால் அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாது. எங்கோ ஒரு கிடங்கில் பெட்டியைத் திறந்து "இரண்டு புத்தகம் குறைகிறது" என்று சொன்னால் எதை வைத்துப் பேசுவது?

ஸ்பீடு போஸ்ட் ரசீதில் எடை கிராம் கணக்கில் அச்சாகிறது. அனுப்பிய தேதி, போய்ச் சேர வேண்டிய பின்கோடு, கட்டிய தொகை, ஆங்கில எழுத்தில் தொடங்கி 'ஐஎன்' என்று முடியும் 13 இலக்க எண் எல்லாம் ஒரே துண்டுக் காகிதத்தில். எனக்கு வந்த பெட்டியின் லேபிளிலும் எடை போட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து மெயிலில் அனுப்பிவிட்டேன். பெட்டியில் எதுவும் குறையவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நமக்குக் கிடைக்காது. ரசீதில் மை சீக்கிரம் மங்கும், அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.

பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. அந்த அக்டோபரிலிருந்து 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கூடுதலாகக் கட்டினால் பதிவு வசதி, அதே தொகைக்கு ஓடிபி சொல்லி வாங்கும் வசதி என்று தனித்தனியாக உண்டு. கம்பெனிக்கு அனுப்பும்போது நான் பதிவை மட்டும் எடுப்பேன். கிடங்கில் யார் போனுக்கு ஓடிபி போகும் என்று நமக்கென்ன தெரியும்?

தபாலின் குறை, முதலில் நம் காசு போகும். அதனால் "செலவைத் தருகிறோம்" என்பதை மெயிலில் எழுதி வாங்கிய பிறகே நான் அனுப்பினேன். இழுத்தடித்தால் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தனியார் கூரியர் கடைகளுக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் பஞ்சமே இல்லை. அங்கும் ரசீது கையில் கிடைக்கும். எடையோடு பெட்டியின் கன அளவையும் பார்த்துக் காசு கேட்பார்கள்: நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 40, 30, 20 என்றால் 4.8 கிலோ, உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோ பொம்மையாக இருந்தாலும் அதே கணக்கு. பெரிய பெட்டி என்றால் தபாலிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கூரியரில் நான் திருப்பி அனுப்பியது குறைவு, அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். கெட்டுப்போகும் உணவு, பேட்டரி வைத்த சாமான் இரண்டிலும் எனக்கு அனுபவமே இல்லை.

ஆள் வந்து எடுப்பதுதான் உங்களுக்குத் தோது என்றால், கொடுப்பதற்கு முன் பெட்டியைச் சமையலறைத் தராசிலாவது வைத்து, எடை தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். வருகிறவர் கையில் இருக்கும் எண்ணும், இந்தப் பெட்டியை எடுப்பதற்கு ஆப்பில் காட்டும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். "தப்பா பார்சல் வந்திருச்சு மேடம், ஓடிபி சொல்லுங்க" என்று முன்பின் தெரியாதவர் கூப்பிட்டால் எதையும் சொல்லாமல் வைத்துவிடுங்கள். சொல்லிப் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும்.