நாகர்கோவில் நரம்பியல் மையம் ஒன்றில் ரிட்டுக்சிமாப் சிகிச்சை: எங்கள் அனுபவம்

என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று உறுதியான பிறகு, நாகர்கோவிலில் உள்ள ஒரு தனியார் நரம்பியல் மையத்தில் இதுவரை நான்கு முறை ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை ஏற்றியிருக்கிறோம். குலசேகரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு அலைய முடியாமல்தான் அங்கே போனோம். இன்று அந்த மையத்தைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு: மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதல் நாளே ஒளிக்காமல் சொன்னார்கள்.

நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கி அழிப்பதுதான் இந்நோய். எங்கள் குடும்பத் தொழில் ரப்பர் பால் வெட்டு என்று அறிந்ததும், மூத்த மருத்துவர் மரத்தை வைத்தே விளக்கினார். வெட்டை நிறுத்தினால் பட்டை மறுபடி வளரும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். “மக்களே, இந்த மருந்து கத்தியைத்தான் பிடித்து நிறுத்தும், பட்டையை வளர்ப்பது உன் உடம்பு,” என்றார். தாக்குதலில் பங்குள்ள பி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்களை ரிட்டுக்சிமாப் குறைக்கிறது; மூளையில் எஞ்சியிருக்கும் முன்னோடிச் செல்கள், மயலினை உருவாக்கும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகளாக முதிர்ந்து புதிய உறையைச் சுற்றுகின்றன. அந்த உறை பழையதைவிட மெல்லியது. வயது ஏற ஏற இந்தப் பழுதுபார்ப்பு தளரும். நரம்பிழையே அறுந்துவிட்டால் சுற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. தொடக்கத்திலேயே சிகிச்சை தேவை என்பதை நாங்கள் அன்றுதான் முழுமையாகப் புரிந்துகொண்டோம்.

முன்பு வேறொரு மருத்துவமனையில், இடக்கண் மங்கியபோது மூன்று நாள் மெதில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏற்றி, குணமாகிவிட்டதாக அனுப்பினார்கள். அது அழற்சியைத் தணித்துப் பார்வை விரைவாகத் திரும்ப உதவுமே தவிர, அடுத்த தாக்குதலைத் தடுக்காது என்பதை யாரும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் கால்கள் மரத்துப்போயின. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மயலினை வளர்க்கவே மருந்து உண்டா என்று தங்கை கேட்டாள். க்ளெமாஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மருந்தை 50 பேரிடம் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், பார்வை நரம்பின் சமிக்ஞைத் தாமதம் சிறிதளவு குறைந்ததையும், அது அசதியைக் கூட்டியதையும் மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொல்லி, அதை எழுதித்தர மறுத்தார். ஆசை காட்டாத அந்த மறுப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மருந்தேற்றும் முறையிலும் குறையில்லை. ஹெபடைடிஸ் பி பரிசோதனையை முன்கூட்டியே முடித்தார்கள். ஒவ்வாமை வராதிருக்க முன்மருந்து கொடுத்து, சொட்டுகளை மெதுவாகத் தொடங்கி, இரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்த்தார்கள்.

ஆனால் காத்திருக்கும் இடம் தகரக் கூரையின் கீழே இருக்கிறது. மயலின் இழந்த நரம்பில் உடல் சூடேறினால் சமிக்ஞை மேலும் தடுமாறும் என்று சொல்லித்தந்தவர்களே சித்திரை வெயிலில் நோயாளிகளை அங்கே உட்காரவைப்பது சரியல்ல. தங்கைக்குக் கண் மறுபடி மங்கி, குளிர்ந்த அறைக்குப் போன பிறகே தெளிந்தது. அங்கே செல்பவர்கள் காலையின் முதல் நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.