ட்ரிம் கோட்டையா, கேர் கோட்டையா? ஒரு சனிக்கிழமைக்கு எது?

அயர்லாந்துல, டப்ளின்ல காலைல கிளம்பி ராத்திரிக்குள்ள வீடு திரும்பணும், நாலு பேர், ஒரு வாடகை கார். பழைய கோட்டை பாக்கணும்னா ட்ரிம்மா கேரானு எங்களுக்குள்ள பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு. கடைசில மே மாசம் ட்ரிம், ஆகஸ்ட்ல கேர்னு ரெண்டுமே போயிட்டு வந்தாச்சு. இப்ப யாராச்சும் கேட்டா யோசிக்காம கேர்னு தான் சொல்லுவேன். (எழுத்துக்கூட்டி படிச்சா காஹிர்னு தான் வாயில வரும், ஊர்க்காரங்க கேர்ங்குறாங்க. பெட்ரோல் பங்க்ல காஹிருக்கு வழி கேட்டு முழிச்சது நான் தான்.)

தூரத்துல ட்ரிம் தான் ஜெயிக்கும், 50 கிலோமீட்டர் சொச்சம். கேர் 180க்கு பக்கம், போர்ட்லீஷ் கிட்ட டோல் வேற. டிக்கெட்ல பெருசா வித்தியாசம் இல்ல, ரெண்டுமே அரசாங்கம் பாத்துக்குற கோட்டை.

ட்ரிம்ம குறைச்சு பேசல. அயர்லாந்துல, இங்கிலாந்து பக்கம் இருந்து வந்த நார்மன்காரங்க கட்டின கோட்டைலயே அது தான் பெருசு. 1172ல இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றி, ட்ரிம் இருக்குற மீத் பகுதிய ஹியூ டி லேசிங்குற நார்மன் பிரபுவுக்கு குடுத்தாரு, அவர் ஆரம்பிச்சத மகன் வால்டர் முடிச்சாரு. நடு கோபுரம் சிலுவை வடிவம், மொத்தம் 20 பக்கம், பாய்ன் ஆத்து அந்தக் கரையில நின்னு பாத்தா சும்மா கம்பீரமா இருக்கும். பிரேவ்ஹார்ட் படத்துல இங்கிலாந்தோட யார்க் நகரமா வந்ததும் இது தான்.

ஆனா அந்த கோபுரத்துக்குள்ள கைடு கூட மட்டும் தான் போகமுடியும், விஷயமே இங்க தான் இருக்கு. எங்க கும்பல்ல ஒருத்தன் எந்த போர்டையும் வரி விடாம படிப்பான், ஒருத்தி மூணு படிக்கு ஒரு போட்டோ எடுப்பா, இன்னொருத்தனுக்கு முட்டி வலி, எனக்கு எப்பவும் பசி. டூர் மேல ஏறிடுச்சு, போர்டு படிக்குறவன் கீழ செவுத்துல இருக்குற ஓட்டைய ஆராய்ச்சி பண்ணிட்டு நிக்கிறான், அவன கூப்பிட நான் இறங்க, அதுக்குள்ள மேல கைடு கதையில பாதி முடிஞ்சு போச்சு. கைடு நல்லா தான் சொன்னாங்க, நாங்க தான் அந்த வேகத்துக்கு ஆகாத ஆளுங்க.

கேர்ல இந்த தொல்லையே இல்ல. ஷூர் ஆத்து நடுவுல பாறை மேல நிக்குது, டிக்கெட் வாங்கினா அவனவன் இஷ்டத்துக்கு சுத்தலாம். நுழையுற வாசல்ல தலைக்கு மேல தொங்குற இரும்பு முனை வச்ச கதவு, பெரிய ஹால் செவுத்துல ராட்சச மான் கொம்பு, 1599 முற்றுகைய அப்படியே பொம்மையா அடுக்கி வச்ச மாடல், எதுக்கு எவ்ளோ நேரம் வேணா நிக்கலாம். முட்டி வலிக்காரன் கோட்டை முற்றத்துல புல்தரையில உக்காந்துட்டான், ஒரு மணி நேரம் கழிச்சு நாங்களே அவன்கிட்ட வந்து சேந்தோம், யாருக்கும் கோவம் இல்ல.

இன்னொன்னு, கேர் பாக்க இடிபாடு மாதிரி தெரியாது, முழுசா நிக்குது. 1599ல இங்கிலாந்து படையோட வந்த எசெக்ஸ் பிரபு பீரங்கி கொண்டுவந்து மூணு நாள்ல புடிச்சாரு, அப்புறம் 1650ல இங்கிலாந்து தளபதி குரோம்வெல் வந்தப்ப சண்டையே போடாம சாவிய குடுத்துட்டாங்க, அதனால பொழச்சுது. எசெக்ஸ் அடிச்ச குண்டு ஒன்னு இன்னும் செவுத்துலயே பொதஞ்சு இருக்கு. அதை தேடி ரெண்டு ரவுண்டு வந்தோம், கண்டுபிடிச்சது போர்டு படிக்குறவன் தான், "டேய் மச்சான், இங்க இருக்குடா"ன்னு கத்தினதுல ஆத்துல இருந்த வாத்தெல்லாம் திரும்பி பாத்துச்சு.

நாங்க போனது ரெண்டு நாளும் நல்ல வெயில், அதையும் சொல்லணும். மழையில கேர் கோட்டை முற்றம் இப்படி சுகமா இருக்குமானு சந்தேகம் தான். தனியா போறவங்க, இல்ல வரலாறு வாயால கேட்டா தான் மண்டைல ஏறும்ங்குறவங்க, ட்ரிம்முக்கே போங்க, நேரமா போய் முதல் டூர்லயே பேர் குடுத்துருங்க.

கேர் போறவங்க வழியில காஷெல் பாறையையும் (பாறை மேல நிக்குற பழைய சர்ச் இடிபாடு) சேத்துக்கலாம், அங்கருந்து கேர் ஒரு கால் மணி நேரம் தான். ஆனா சாப்பாட்ட மட்டும் காஷெல்லயே முடிச்சுட்டு கிளம்புங்க, நாங்க தள்ளிப்போட்டு சாயங்காலம் நாலு மணிக்கு கார்லயே சிப்ஸ் தின்னோம்.