மவுசர் 98, உள்ளூர்க் குழல், கியாட் கட்டை: பல வருடம் புழங்கிய பிறகு

ரிப்பேர் முடிந்து ரைபிள் போன வாரம்தான் கைக்கு வந்தது. சனிக்கிழமை ரேஞ்சுக்கு எடுத்துப் போய் ஒரு பெட்டித் தோட்டாவையும் சுட்டுத் தீர்த்தேன். ரைபிளின் அடிப்பக்கத்து மூடியான அடித்தட்டு ஒரு தடவை கூடத் தானாகத் திறக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தச் சந்தோஷம் பாதிக் காரணம். மீதிப் பாதி, இங்கே தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி: "அண்ணே, நானும் பழைய மவுசர் ஒன்று பிடித்து உங்களை மாதிரியே செய்துகொள்ளவா, இல்லை கடையில் புதுசாக வாங்கிவிடவா?"

ரைபிளின் விவரம் என்னோடு பழகியவர்களுக்குத் தெரியும். தோட்டாவை ஏற்றிச் சுடும் பகுதி பழைய ராணுவ மவுசர் 98 ஆக்‌ஷன், 7×57 தோட்டா (7 மி.மீ. குண்டு, 57 மி.மீ. கூடு), மிட்ராண்டில் ட்ருவெலோ கம்பெனி செய்த குழல், தோளில் தாங்கிப் பிடிக்கக் கியாட் மரக் கட்டை, மேலே ஒரு சாதாரண ஸ்கோப். அடித்தட்டையும் ட்ரிகர் கார்டையும் (விசையைச் சுற்றியிருக்கும் வளையம்) தவிர முக்கியமான எல்லாமே இந்த நாட்டுக் கைகள் செய்தது அல்லது செப்பனிட்டது. என்னை இத்தனை வருடம் பாடாய்ப் படுத்தியது வெளியிலிருந்து வந்த அந்த ஒரு சாமான்தான். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை.

தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மவுசரின் மகசீன் பெட்டியை அடியில் மூடுகிற தகடுதான் அடித்தட்டு. 1898இல் வந்த அசல் வடிவத்தில் அதற்குக் கீல் கிடையாது. சின்னத் துளைக்குள் தோட்டாவின் முனையை வைத்து அழுத்தி, தகட்டைப் பின்னால் தள்ளினால்தான் கழலும். மெனக்கெட வேண்டும், ஆனால் தானாக ஒருநாளும் திறக்காது. வேட்டைக்காரர்களுக்கு அது தொல்லையாகப் பட்டது. வண்டியில் ஏறுமுன் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுகிற உருளை) இழுத்து வெளியே எடுக்காமல், அடியில் திறந்து மொத்தமாக உள்ளங்கையில் கொட்டிக்கொள்ளலாம் என்று கீல் வைத்த தட்டு வந்தது. ட்ரிகர் கார்டின் முன்பக்கம் ஒரு பொத்தான், அழுத்தினால் கொக்கி விலகும், தட்டு தொங்கும். யோசனை நல்லதுதான். கொக்கி பிடிக்கிற வரைக்கும்.

ம்குஸே பக்கம் ஒரு பண்ணையில் பெரிய காட்டுப்பன்றி ஒன்றைச் சுட்டேன். குண்டு கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது. பன்றி புதருக்குள் பாய்ந்தது. அடுத்த தோட்டாவை ஏற்ற போல்ட்டைத் தள்ளினேன், வெறுமனே போய் மூடியது. கீழே பார்த்தால் அடித்தட்டு வாயைப் பிளந்து தொங்குகிறது, மிச்சத் தோட்டாக்கள் எல்லாம் என் பூட்ஸைச் சுற்றிப் புல்லில் கிடக்கின்றன. துப்பாக்கி உதைத்த உதையில் கொக்கி நழுவியிருக்கிறது. அடிபட்ட பன்றி எங்கே நிற்கிறது என்று தெரியாத நேரத்தில், குனிந்து புல்லுக்குள் தோட்டா தேடுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும். கூட வந்த வழிகாட்டி முடித்துவைத்தார். அந்த மிருகம் கூடுதலாகப் பட்ட வலிக்கு ஒரு சின்ன இரும்புத் துண்டு காரணம் என்பதை இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்குப் பிறகு அது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. சில நாள் ஒழுங்காக இருக்கும், சில நாள் திறக்கும். ஸ்பிரிங் மாற்றினோம், பலனில்லை. கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு வேட்டைக்குப் போனேன். விற்றவரிடம் கேட்டதற்கு, கொக்கி மட்டும் தனியாக வராது, மொத்தச் செட்டாகத்தான் வரவழைக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். அமெரிக்கக் கடைகள் சிலவற்றுக்கு எழுதிப் பார்த்தேன். துப்பாக்கி சம்பந்தப்பட்ட எதையும் நாட்டுக்கு வெளியே அனுப்புவதில்லை என்று ஒரே பதில். அவர்களுடைய ஏற்றுமதி விதிகள் அப்படி. நகத்தளவு சாமானுக்காக யாரும் காகிதம் தயாரித்துக்கொண்டு உட்கார மாட்டார்கள்.

கடைசியில் தீர்த்துவைத்தவர் டோங்காட்டில் இருக்கும் ஒரு பெரியவர். சர்க்கரை ஆலைப் பட்டறையில் ஃபிட்டராகவும் டர்னராகவும் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது வீட்டுக் கராஜில் லேத் வைத்திருக்கிறார். என் துப்பாக்கியைச் செப்பனிடும் கன்ஸ்மித்தான் அவரைக் காட்டினார். அடித்தட்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெரியவர் எதுவும் பேசாமல் கொக்கியின் வாயில் நீல மையைத் துளி தடவினார், தட்டை மூடினார், திறந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மை ஒட்டியிருந்தது ஒரே ஒரு மூலையில், நூலிழை அகலத்துக்கு. "ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீங்க தம்பி. வாய் முழுசும் உக்காரவே இல்ல. மூலை மட்டும்தான் பிடிச்சிருக்கு, அதுவும் தேஞ்சு போச்சு. வார்ப்பு இரும்பு, மெத்துனு இருக்கு."

கருவி உருக்கில் புதுக் கொக்கி செய்தார். பழையதில் பிடிக்கிற முகம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது, அதனால் அதிர்ச்சி வரும்போதெல்லாம் வழுக்கியது. அவர் அதை உள்பக்கமாகச் சாய்த்துவிட்டார். இப்போது தட்டு வெளியே வர முயன்றால் கொக்கி இன்னும் இறுகத்தான் செய்யும். பிறகு சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சுட்டுப் பதப்படுத்தினார். மை தடவிப் பார்த்தபோது முகம் முழுவதும் நீலம் படிந்திருந்தது. இறக்குமதி செட்டின் விலையில் சிறு பங்கைக் கூட அவர் வாங்கவில்லை.

எனக்கு இங்கேதான் கோபம் வருகிறது. இந்த நாட்டுக்குத் துப்பாக்கி செய்யத் தெரியாதா? புளூம்ஃபான்டைனில் மஸ்கிரேவ் கம்பெனி முழு ரைபிள்களையே செய்தது, இன்றைக்கும் பழைய பண்ணை வீடுகளின் பெட்டகத்தில் அவை இருக்கின்றன. 1977இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் 418ஆம் தீர்மானத்தால் அன்றைய நிறவெறி அரசு மீதான ஆயுதத் தடையைக் கட்டாயமாக்கிய பிறகு, ப்ரிட்டோரியாவில் ஆர்4 ரைபிளும், இத்தாலியப் பெரெட்டாவைப் பார்த்துச் செய்த இசட்88 கைத்துப்பாக்கியும் வந்தன. அந்தத் திறமை யாருக்காக, யாருக்கு எதிராக வளர்க்கப்பட்டது என்பது நமக்கு நன்றாகத் தெரியும், அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் இயந்திரமும் கைப்பழக்கமும் மக்கள் பணத்தில் வந்தவை. நாடு எல்லோருக்குமானதாக ஆன பிறகு அவை நல்ல காரியத்துக்குப் பயன்பட்டிருக்க வேண்டும். ஆனால் மஸ்கிரேவ் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. அரசு ஆயுதக் கம்பெனியான டெனெல் 2020இல் ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் போட முடியாமல் தவித்தது. இங்கே செய்த சோம்கெம் வெடிமருந்து கடையில் கிடைக்காமல், காலிக் கூட்டை மறுபடி நிரப்பி ரீலோடிங் செய்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டு அலைந்ததும் நமக்கு நினைவிருக்கும்.

ரேஞ்சில் டீ குடிக்கும்போது வரும் பேச்சு எப்போதும் இதுதான். ஒருவருக்கு இடதுகை ஆக்‌ஷன் வேண்டும், இன்னொருவருக்கு இங்கேயே செய்த .22 சின்ன ரைபிள் வேண்டும். எனக்கு அவ்வளவு பெரிய ஆசை இல்லை. புது ரைபிள் வேண்டாம். கொக்கி, காலிக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின், மகசீன் ஸ்பிரிங், கீல் வைத்த நல்ல அடித்தட்டு, இவற்றை யாராவது ஒழுங்காகச் செய்து விற்றால் போதும். 2000ஆம் வருடத்துத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் குழல், சட்டகம், ரிசீவர் ஆகியவற்றை முக்கிய உறுப்புகள் என்கிறது. லைசென்ஸ் கெடுபிடியெல்லாம் அவற்றுக்குத்தான். கட்டைக்கும் ஸ்பிரிங்குக்கும் அந்தப் பாரம் இல்லை. குண்டு விஷயத்தில் நம் ஆட்கள் செய்து காட்டியும் விட்டார்கள். ரைனோ, பெரெக்ரின் குண்டுகளை வெளிநாட்டு வேட்டைக்காரர்களே கேட்டு வாங்குகிறார்கள். சைலன்சருக்கு இங்கே லைசென்ஸ் தேவையில்லை என்பதால் அதிலும் உள்ளூர்ப் பட்டறைகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன. குண்டும் சைலன்சரும் முடிகிறபோது கொக்கி முடியாதா?

நல்லதையும் சொல்ல வேண்டும், அதுவும் நிறைய இருக்கிறது. முதலில் கட்டை. கியாட் நம் ஊர் வேங்கையின் ஆப்பிரிக்க உறவு, ஒரே பேரினத்து மரம். வால்நட் போட்டால்தான் மரியாதை என்று பலரும் சொன்னார்கள். கியாட் காய்ந்தாலும் ஈரம் பட்டாலும் அதிகம் சுருங்காது, வீங்காது என்று செய்தவர் அடித்துச் சொன்னதால் ஒத்துக்கொண்டேன். டர்பன் காற்று எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிப்ரவரியில் அலமாரிக் கதவே உப்பிக்கொள்ளும். முன்பு வைத்திருந்த வால்நட் கட்டை ரைபிளைக் கடலோரத்திலிருந்து உள்நாட்டு மாகாணமான ஃப்ரீ ஸ்டேட்டின் வறண்ட குளிருக்குக் கொண்டுபோனால், பிளெஸ்பொக் மானைப் பார்ப்பதற்கு முன் ஸ்கோப்பைத் திருப்பி மறுபடி ஜீரோ பண்ண, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்ய, வேண்டியிருக்கும். இந்த ரைபிளில் அந்த வேலையே இல்லை. ஒவ்வொரு தடவையும் போன இடத்தில் சரிபார்க்கிறேன், குண்டு அதே இடத்தில் விழுகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அப்புறம் கட்டையின் நீளம். இறக்குமதி ரைபிள்கள் பெரிய உடம்புக்காரர்களுக்காகச் செய்தவை, நம்மில் பலருக்கு ட்ரிகரை எட்டவே தோளைத் திருக வேண்டியிருக்கும். இந்தக் கட்டையை என் கையை அளந்து, சட்டைக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டும் போடாமலும் தோளில் வைத்துப் பார்த்துச் செதுக்கினார்கள். எடுத்ததும் கண் தானாக ஸ்கோப்புக்கு நேரே வந்து நிற்கிறது. என் மகளுக்கும் இதே ரைபிள் பொருந்துகிறது. 7×57 மெதுவாக உதைக்கிற தோட்டா என்பதால் அவளுக்குப் பயமும் இல்லை. இம்பாலா மானுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

7×57 மீது எனக்கு இன்னொரு பிடிப்பும் உண்டு. ஆங்கிலோ-போயர் போரில் ஆங்கிலேயரை எதிர்த்த போயர்கள் (டச்சு வழி வந்த குடியேறிகள்) கையில் இருந்த மவுசர்கள் இந்தத் தோட்டாவைத்தான் சுட்டன. 1900 ஜனவரியில் ஸ்பியன் கோப் மலைச் சண்டையில் அடிபட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களைத் தூளியில் சுமந்தவர்களில், காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் வந்த நம் கரும்புத் தோட்டத்துக் கூலிகளும் இருந்தார்கள். அந்தப் பக்கம் வேட்டைக்குப் போகும்போதெல்லாம் மலையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்துவேன். நம் தாத்தாமார்கள் எந்தத் துப்பாக்கியும் இல்லாமல் அந்தச் சரிவில் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

குழலைப் பற்றி நீட்ட வேண்டாம். நன்றாகச் சுடுகிறது, சுத்தம் செய்ய எளிது, கனமான குண்டுகளையும் நிதானமாகப் பிடித்துக்கொள்கிறது. மவுசரின் பெரிய நக எக்ஸ்ட்ராக்டர் காலிக் கூட்டை ஒரு தடவை கூட உள்ளே விட்டதில்லை. ஸ்கோப் வைப்பதற்காகப் போல்ட் கைப்பிடியை வளைத்த வேலை மட்டும் கொஞ்சம் கரடாக இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் தம்பிக்கு என் பதில்: வேண்டாம், கடையில் புதுசாக வாங்கு. காரணம் ரைபிள் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் ஆட்கள். என் கன்ஸ்மித்துக்கு வயதாகிவிட்டது, கூட ஒரு பையன் கூட வேலை கற்கவில்லை. கட்டை செய்தவர் கேப் டவுனுக்குக் குடிபோய்விட்டார். கொக்கி செய்த பெரியவருக்குக் கண் மங்குகிறது. புதுக் குழல் போட்டால் போலீஸ் ஸ்டேஷனில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் வேலையைப் பாதியில் வைத்திருக்கும் கன்ஸ்மித் கடையை மூடினால் ஆக்‌ஷன் ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம் என்று நிற்பாய். எனக்கு நல்ல கைகள் அமைந்தன. உனக்கும் அமையும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. எரிச்சலோடுதான் சொல்கிறேன், ஆனால் யோசித்துத்தான் சொல்கிறேன்.

ஏற்கனவே கீல் வைத்த அடித்தட்டோடு மவுசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பெரியவர் கொக்கியின் படத்தை அளவோடு பென்சிலில் வரைந்து வைத்திருக்கிறார், என்னிடமும் ஒரு பிரதி இருக்கிறது. ஒவ்வொன்றாகச் செய்வதை விட நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் ஒரே அமைப்பில் வரிசையாக வெட்டிவிடலாம் என்கிறார். தட்டுக்குத் தட்டு அளவு கொஞ்சம் மாறும், அதனால் உங்கள் தட்டைக் கழற்றிக் கையில் கொண்டுவர வேண்டும், ரைபிளை வீட்டுப் பெட்டகத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். மாட்டுவதை லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் செய்துகொள்ளுங்கள். வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன் சொன்னால் நல்லது.