மூன்று வயதுக்குள் ஒரு வீட்டு நூலகம்: மதுரையிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

எங்கள் மகளுக்கு ஒரு வயது நிறைவதற்கு முன்பே தொடங்கி, அவள் மூன்றாவது பிறந்தநாளை நெருங்கும் இந்நாள்வரை வீட்டில் சேர்த்துவந்த புத்தகங்களைப் பற்றிய குறிப்பு இது. வாங்கிய வாரத்தில் எழுதப்படும் மதிப்புரைகள் தாளின் தரத்தையும் படங்களின் அழகையும் சொல்லிவிடும். ஒரே புத்தகத்தை மாதக்கணக்கில் நாள்தோறும் வாசித்த பிறகு அது என்ன கதிக்கு ஆளாகிறது என்பது அவற்றில் இருக்காது. நான், என் மனைவி, என் அம்மா ஆகிய மூவரும் வீட்டில் மாறிமாறி வாசித்துக் காட்டுகிறோம். ஆகவே புத்தகங்களை மதிப்பிட எங்களுக்கு அமைந்த அளவுகோல், குழந்தைக்குப் பிடிக்கிறதா என்பதோடு நிற்பதில்லை. வாசிக்கும் பெரியவர் அதே புத்தகத்தை மறுபடியும் மறுபடியும் மனம் கோணாமல் கையில் எடுப்பாரா என்பதும் அதில் அடக்கம். எழுத்தறியாத வயதில் பெரியவர் வாய் திறந்தால்தான் புத்தகத்துக்கு உயிர். அவருக்குச் சலித்துப்போன புத்தகம், விலை எவ்வளவாக இருந்தாலும், அலமாரியில் தூங்கத்தான் செய்யும்.

முதலில் வாங்கியவை கனத்த அட்டைத் தாள்களாலான போர்டு புத்தகங்கள். ஒரு வயதுக் குழந்தை புத்தகத்தைக் கடிக்கும், எறியும், அதன்மேல் ஏறி நிற்கும். இவை அத்தனையையும் தாங்கக்கூடியது இந்த வகை மட்டுமே. நல்ல போர்டு புத்தகத்துக்கு அடையாளம் படமன்று, மூலைகள். மூலைகள் வளைவாக வெட்டப்பட்டு, அட்டையின் மேற்பூச்சு விளிம்புவரை இறுக ஒட்டியிருந்தால் அது நெடுங்காலம் உழைக்கும். மூலை கூராக இருந்தால் எச்சில் ஊறி அட்டை ஏடு ஏடாகப் பிரிந்துவிடுகிறது. துணிப் புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துவைக்கலாம் என்பது உண்மை, ஆனால் பக்கங்கள் துவண்டு விழுவதால் குழந்தையால் அவற்றைத் திருப்ப முடிவதில்லை, ஒன்று போதும்.

பொத்தானை அழுத்தினால் ஒலி எழுப்பும் புத்தகங்களை எங்கள் வீட்டில் இப்போது வைத்திருப்பதில்லை. உறவினர் ஒருவர் அன்பாகக் கொடுத்த புத்தகத்தில் மின்கல மூடிக்குத் திருகாணியே இல்லை. நகத்தால் நெம்பினாலே திறந்துகொண்டது. உள்ளே இருந்தவை பொத்தான் வடிவ மின்கலங்கள். இவ்வகை மின்கலத்தைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்படக்கூடும். பரிசாக வருவதை வேண்டாம் என்று சொல்லுவது நம் ஊரில் எளிதன்று என்பதால், வாங்கி வைத்துக்கொண்டு மின்கலத்தை மட்டும் கழற்றிவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒலி இல்லாவிட்டால் அதுவும் ஒரு சாதாரணப் போர்டு புத்தகம்தான், படமும் சுமாராகத்தான் இருக்கும்.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் போர்டு புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளவை என்பதே இந்தச் சேகரிப்பில் நாங்கள் சந்தித்த பெரிய குறை. எழுத்து ஆங்கிலமாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் உள்ள புத்தகத்தைப் படத்தைக் காட்டித் தமிழில் சொல்லிவிடலாம். படங்களே அயலாக இருப்பதுதான் தொல்லை. காய்கறிப் புத்தகம் ஒன்றை அம்மா மடியில் வைத்து மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். கேரட், தக்காளி வரைக்கும் நன்றாகப் போயிற்று. புரோக்கோலி வந்ததும், “இது என்ன கருமமோ, பூவாட்டம் இருக்கு, அடுத்த பக்கத்துக்குப் போவம் தாயி” என்றார். அஸ்பராகஸ் பக்கத்தை ஒன்றும் சொல்லாமலே தாண்டினார். சில நாள்களில் அந்தப் புத்தகத்தை அவர் எடுப்பதையே விட்டுவிட்டார். அப்பத்தா எடுக்காத புத்தகத்தைப் பேத்தியும் கேட்கவில்லை. இதற்கு நேர்மாறாக, சந்தைக் காட்சி ஒன்றை இரண்டு பக்கங்களுக்கும் விரித்து வரைந்திருந்த மலிவான தமிழ்ப் படப் புத்தகத்தில் சுரைக்காய், பூசணிக்காய், தராசு, சாக்கின்மேல் படுத்திருக்கும் நாய் என்று எல்லாம் இருந்தன. அந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு அம்மா மேலூர்ச் சந்தையையே சொல்லி முடிப்பார். விலை கேட்பார், பேரம் பேசுவார், “கொசுறு போடுய்யா” என்று படத்திலிருக்கும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். மகள் தராசின்மேல் விரலை வைத்து, “கொசுறு, கொசுறு” என்பாள். அச்சில் அந்தப் பக்கத்தில் இருப்பதோ ஒரே ஒரு வரி.

2 வயதையொட்டி, தாளில் அச்சான தமிழ்ப் படப் புத்தகங்களுக்கு மாறலாம். படத்தில் ஒன்றைக் கேட்டால் விரலால் காட்டுவது 2 வயதளவிலும், பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்புவது இரண்டரை வயதளவிலும் எதிர்பார்க்கத்தக்கவை என்று குழந்தை வளர்ச்சிப் பட்டியல்கள் கூறுகின்றன. எங்கள் மகளிடமும் ஏறத்தாழ அப்படியே நடந்தது. இந்த வகையில் தமிழுக்கு நல்ல பதிப்பகங்கள் உண்டு. 1996-இல் சென்னையில் தொடங்கப்பட்ட தூலிகா, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த இருமொழிப் படப் புத்தகங்களை வெளியிடுகிறது. 2004-இல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் பல இந்திய மொழிகளில் குறைந்த விலையில் கொடுக்கிறது. 1957-இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் வரிசை இன்றும் மலிவுதான். பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ வெளியீடுகளும் உள்ளன. தூலிகாவின் இருமொழி அமைப்பைப் பற்றி ஒரு சொல்: ஆங்கில வழிப் பள்ளியில் பயின்ற என் மனைவிக்கு அது வசதியாக இருக்கிறது, அம்மாவோ தமிழ் வரியை மட்டும் பார்த்துக்கொள்கிறார், ஆக ஒரே புத்தகம் இருவருக்கும் உதவுகிறது. படங்களில் நம் ஊர் முகங்களும் நம் ஊர்த் தெருக்களும் இருப்பது அதன் தனிச்சிறப்பு.

இந்தத் தாள் புத்தகங்களில் பலவற்றின் பலவீனம் அவற்றின் முதுகு. நடுவில் இரண்டு கம்பிப் பின்களால் பிணைக்கப்பட்டவை, குழந்தையின் கையில் ஒரு மாதத்தில் அட்டை கழன்று நிற்கும். பின்னின் முனை விரலில் கீறவும் கூடும். வாங்கிய அன்றே பின்களை நெம்பி எடுத்துவிட்டு, மெழுகுவத்தியில் உரசிய தடித்த நூலால் தைத்துவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. மடிப்பின்மேல் மூன்று துளைகள் போட்டு, நடுத்துளையில் உள்ளிருந்து தொடங்கி, மேல்துளை வழியாக உள்ளே வந்து, கீழ்த்துளை வழியாக வெளியேறி, மறுபடியும் நடுத்துளைக்கே திரும்பி முடிச்சிட வேண்டும். அதன்மேல் பைண்டிங் கடைகளில் கிடைக்கும் துணி நாடாவை முதுகு முழுவதும் ஒட்டினால் புத்தகம் அசையாது. கண்ணாடி போன்ற செல்லோ டேப்பைத் தவிர்ப்பது நல்லது. மதுரைச் சித்திரை, வைகாசி வெயிலில் அதன் பசை இளகி வழிந்து, பக்கத்துப் பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது.

எழுத்துத் தமிழைப் பேச்சுக்கு மாற்றி வாசிப்பதா, அச்சில் உள்ளபடியே வாசிப்பதா என்ற கேள்வி தமிழ் வீடுகளுக்கே உரியது. ‘யானை தூங்கியது’ என்று புத்தகத்தில் இருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மனைவி உள்ளது உள்ளபடி வாசிப்பார், அம்மா “ஆனை தூங்கிருச்சு” என்பார், நான் இரண்டுக்கும் நடுவில் தடுமாறுவேன். இதனால் குழந்தை குழம்பும் என்று எனக்கிருந்த ஐயம் நாளடைவில் நீங்கிவிட்டது. அம்மாவிடம் பேச்சு நடையிலும், தன் தாயிடம் புத்தக நடையிலும் வரியைச் சொல்லி முடிக்கிறாள். எங்கள் அனுபவத்தில், எதுகையும் தாளமும் உள்ள பாடல் வரிகளை அச்சில் உள்ளபடியே வாசிப்பதும், உரைநடைக் கதைகளை முதலில் பேச்சில் சொல்லி, கதை மனத்தில் படிந்த பிறகு எழுத்து நடைக்குப் போவதும் நன்றாக வேலை செய்கின்றன. வாங்கும்போதே கடையில் நின்று ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறினால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடலாம். மொழிபெயர்ப்புப் புத்தகங்களில் பல இந்தச் சோதனையில் தேறுவதில்லை என்பது என் கணிப்பு.

குழந்தையைக் கேள்வி கேட்டு, அவள் சொல்லும் பதிலை நீட்டி, அவளையே கதை சொல்ல வைக்கும் உரையாடல் வாசிப்பு முறையை 1988-இல் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆய்வாக வெளியிட்டார்கள். அவள் “நாய்” என்றால், “ஆமா, கறுப்பு நாய், சாக்கு மேல படுத்திருக்கு” என்று நாம் ஒரு படி கூட்டிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இதை விளக்கியபோது, “இதுக்கு எதுக்குய்யா அமெரிக்கா போனாங்க?” என்று கேட்டார். எனக்கோ அந்த முறை எழுத்தில் கிடைத்தது உதவியாகவே இருந்தது. வேலை முடிந்து வந்து களைப்பில் வரிகளை ஒப்பிப்பதற்கும், ஒரு பக்கத்தில் நின்று இரண்டு கேள்வி கேட்பதற்கும் உள்ள வேறுபாடு குழந்தை அமர்ந்திருக்கும் நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

வாங்குவதற்கு முன் பார்த்துத் தேர்ந்தெடுக்க மதுரையில் இப்போது நல்ல வாய்ப்பு இருக்கிறது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஒரு புத்தகத்தை அங்கே மகளுக்கு வாசித்துக் காட்டி, அவள் ‘மறுபடியும்’ என்று கேட்டால் மட்டும் பெயரைக் குறித்துக்கொள்வோம். வார நாள் பிற்பகல்களில் கூட்டம் குறைவு. ஆண்டுதோறும் தமுக்கத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடியோடு அந்தப் பட்டியலை வாங்கிவிடுகிறோம். திருவிழாவுக்குக் குழந்தையை அழைத்துப் போவதால் பயன் குறைவு. நெரிசலிலும் இரைச்சலிலும் அவள் கண் பஞ்சு மிட்டாய்மேல்தான் நிற்கும்.

கைப்பேசியில் படிக்கக்கூடிய கதைகளையும் பார்த்தோம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஏராளமான தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன; திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிட்டுக்கொள்ளவும் தடையில்லை. ஆனால் 2 வயது நிரம்பாதவர்களுக்குத் திரை வேண்டாம் என்றும், அதன்பின் 4 வயதுவரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மிகாமலும், அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. வண்ணப் படிகள் எடுத்துச் சுருள் கம்பி போட்டால் ஆகும் செலவோ, அச்சுப் புத்தகத்தின் விலையைத் தாண்டிவிடுகிறது. பெரியவர்கள் கதையை முன்கூட்டிப் படித்துவிட்டுப் படமில்லாமல் இரவில் சொல்லுவதற்கே அத்தளம் எங்களுக்குப் பயன்படுகிறது.

வைக்கும் முறைக்கும் வாசிப்பில் பங்குண்டு. முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கினால் எழுத்தறியாத குழந்தைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆகவே பிளாஸ்டிக் காய்கறி ஸ்டாண்டின் தட்டுகளில் முன்னட்டை தெரியச் சாய்த்து, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் சிலவற்றை மட்டும் வைத்துவிட்டு, மற்றவற்றை டிரங்குப் பெட்டியில் போட்டு அவ்வப்போது மாற்றுகிறோம். பெட்டிக்குள் போய்த் திரும்பி வரும் பழைய புத்தகத்தைப் புதிதாக வாங்கியதைப் போலவே வரவேற்கிறாள். பெட்டிக்குள் இராமபாணப் பூச்சி அண்டாதிருக்கத் துணியில் முடிந்த வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் போடலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு நாள் நிழலில் விரித்துக் காற்றாட வைக்க வேண்டும். அந்துருண்டை கூடவே கூடாது. குழந்தை அதை மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். அதிலுள்ள நாப்தலின், சில குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியது.

போர்டு புத்தகங்களில் நல்ல நிலையில் இருப்பவற்றை ஈரத்துணியால் துடைத்து, உசிலம்பட்டியில் இருக்கும் என் தங்கையின் கைக்குழந்தைக்கு அனுப்பவிருக்கிறோம்; சந்தைப் புத்தகத்துக்கு மட்டும் இன்னொரு படி வாங்கி அனுப்பச் சொல்லி அம்மா பணம் கொடுத்திருக்கிறார். அடுத்த புத்தகத் திருவிழாவுக்கு, ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு வரிகள் உள்ள நாட்டுப்புறக் கதைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். எழுத்து பெரிதாக அச்சாகியிருக்கிறதா என்பதை இனிமேல் முதலில் பார்க்க வேண்டும், ஏனெனில் அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்த பிறகும் பொடி எழுத்து சிரமமாகத்தான் இருக்கிறது.