ஐந்து மாதம் முதுகில் இருந்த பையும் அந்தக் கீச் சத்தமும்

நேற்று ராத்திரி நண்பன் ஒருவன் கேட்டான், "மச்சான், உன்கிட்ட இருக்கிற அதே பை இப்ப ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு வந்திருக்கு, வாங்கட்டுமா?" நான் வாங்கும்போது 9,000 ரூபாய். வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து, மலேசியா என்று ஐந்து மாதம் அதை முதுகில் போட்டுக்கொண்டு சுற்றிவிட்டு வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. 50 லிட்டர், எத்தனை அறை, எத்தனை ஜிப் என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கிறது. அங்கே போடாத ஒன்று உண்டு. இந்தப் பை சத்தம் போடும்.

வலது இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, எண்ணெய் காணாத ஊஞ்சல் சங்கிலி மாதிரி ஒரு கீச். இடது காலுக்கு ஒன்றுமில்லை, வலது காலை ஊன்றும்போது மட்டும். ஹனோயில் இருந்தவரை எனக்கு அது கேட்கவே இல்லை, அங்கே ஸ்கூட்டர் ஹாரனுக்கு நடுவில் எதுவும் கேட்காது. வடக்கே ஹா ஜியாங் மலைப்பக்கம் நடந்தபோது லேசாகக் கேட்டது, புதுப் பைதானே, போகப்போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். கடைசி நாலு வாரத்தில்தான் உயிரை வாங்க ஆரம்பித்தது. அதுவரை 9 கிலோவைத் தாண்டாத பை, ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்றதும் கனக்கத் தொடங்கியது. அப்பாவுக்கு வியட்நாம் காபித்தூளும் சொட்டுச் சொட்டாக இறங்குகிற அந்தத் தகர ஃபில்டரும், அம்மாவுக்கு லாவோஸ் கைத்தறித் துணி, அக்கா பிள்ளைகளுக்கு மரப் பொம்மை என்று சேர்ந்து சேர்ந்து 12 கிலோ ஆகிவிட்டது. எடை ஏற ஏறச் சத்தமும் ஏறியது.

லாவோஸில் லுவாங் பிரபாங் என்ற ஊரில் ஒரு விடியற்காலையை மறக்கவே முடியாது. அந்த ஊரில் தினமும் பொழுது விடிகிற நேரத்துக்குப் பிக்குகள் காவி உடுத்தி, வெறுங்காலோடு, வரிசையாகப் பிட்சைக்கு வருவார்கள். தெருவோரம் உட்கார்ந்திருப்பவர்கள் மூங்கில் கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றை ஒவ்வொரு உருண்டையாகப் பாத்திரத்தில் இடுவார்கள். யாரும் பேசுவதில்லை. எனக்கு அன்று தலைநகர் வியந்தியானுக்கு ரயில். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருப்பதால் முதலில் வேன் பிடிக்க வேண்டும், வேன் நிற்கிற இடத்துக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். நாலு அடி வைத்திருப்பேன், கீச், கீச். கூடையோடு மண்டியிட்டிருந்த ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை, ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வரிசை முழுக்கக் கடக்கிறவரை 12 கிலோவை முதுகில் வைத்தபடி சுவரோரமாக ஆடாமல் நின்றேன். கடைசியாக வந்த சின்னப் பிக்குவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். பாத்திரத்தின் மூடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிறவருடைய குதிகாலையே பார்த்தபடி நடந்தான். அவன் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதன்பிறகு நான் செய்யாத வைத்தியம் இல்லை. ரயிலில் ஸ்பிரே டப்பாவைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று விடுதிக்காரர் முன்பே சொல்லியிருந்தார், அதனால் மெழுகுவர்த்தி வாங்கி இடுப்புப் பட்டை உரசுகிற இடமெல்லாம் தேய்த்தேன். ஒரு நாள் தாங்கியது. முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன், இரண்டு நாள் தாங்கியது, அப்புறம் வியர்வையில் கட்டி கட்டியாகி முன்னைவிட மோசம். வியந்தியானில் உட்கார்ந்து, சத்தத்தோடு ஒரு வீடியோ எடுத்து பை விற்றவர்களுக்கு அனுப்பினேன். பதினோரு நாள் கழித்து, பையைக் கடைக்கு நேரில் கொண்டுவரச் சொல்லிப் பதில் வந்தது. நான் லாவோஸில் இருக்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் பாவம். ஐந்து மாதத்தில் ஒரு தையல் பிரியவில்லை. மழையில் நாலு மணி நேரம் பஸ் கூரைமேல் கிடந்தும் உள்ளே ஒரு துணி நனையவில்லை. முன்பக்க ஜிப்பைத் திறந்தால் பெட்டி மாதிரி முழுசாகத் திறக்கும். பாங்காக்கிலிருந்து மலேசிய எல்லையில் இருக்கிற பாதாங் பெசார் போகும் இரவு ரயிலில் எல்லாரும் தூங்கின பிறகு போர்வையை எடுக்க எதையும் வெளியே கொட்ட வேண்டியிருக்கவில்லை. தோள்பட்டை ஒருநாள்கூடக் காந்தவில்லை. காலிப் பையே கிட்டத்தட்ட 2 கிலோ, கையோடு 7 கிலோவுக்கு மேல் விடாத மலிவு விமானங்களில் அது இடைஞ்சல்தான். ஆனால் அதில் எனக்குக் கோபமில்லை, எடையை அட்டையில் பார்த்துத்தான் வாங்கினேன்.

பாதாங் பெசாரில் ஒரே ஸ்டேஷனுக்குள் இரண்டு நாட்டு முத்திரையும் வாங்கிக்கொண்டு, அடுத்த ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரியில் பினாங்கு. ஜார்ஜ் டவுனில் மாரியம்மன் கோயில் பக்கம் நடந்துபோகிறேன், பின்னாலிருந்து ஒரு குரல். "தம்பி, பை அழுவுது பாருங்க." ஐந்து மாதத்தில் தெருவில் என்னை யாரோ தமிழில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, சட்டென்று பதில்கூட வரவில்லை. கடைகளுக்கு முன்னால் இருக்கிற நடைபாதையை அங்கே அஞ்சடி என்கிறார்கள். அதில் ஒரு முக்காலி போட்டுச் செருப்புத் தைக்கிற பெரியவர். பையை வாங்கி மடியில் வைத்து, காதை அருகில் கொண்டுபோய் இடுப்புப் பட்டையை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். "தையல் நல்லாத்தான் இருக்கு. உள்ள கம்பி பிளாஸ்டிக்கில உரசுது." முதுகுப் பக்கத்து உறையைத் திறந்து அலுமினியப் பட்டையை உருவினார். நுனியில் கறுப்பாக, தேய்ந்து பளபளவென்று ஒரு தடம். பழைய சைக்கிள் டியூபிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, நுனியில் சுற்றி, பசை தடவி, நூல் கட்டித் திரும்பச் செருகினார். கால் மணி நேரம். எட்டு வெள்ளி கேட்டார், பத்தாகக் கொடுத்தேன். அங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் நம்மவர்கள் சொல்கிறார்கள்.

அன்றிலிருந்து சத்தம் இல்லை. கோலாலம்பூர், திருச்சி விமானம், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை நடந்த நடை, எதிலும் இல்லை. சத்தமில்லாமல் நடந்த அந்தக் கடைசி வாரத்தில்தான் பை எவ்வளவு நன்றாக முதுகோடு ஒட்டியிருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. அதனால்தான் ஆத்திரம் கூடுகிறது. இரண்டு விரல் ரப்பரில் தீர்கிற விஷயத்தை ஒரு பெரியவர் காதை வைத்தே கண்டுபிடித்தார், 9,000 வாங்கினவர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

நண்பனுக்கு வேண்டாம் என்றுதான் பதில் அனுப்பினேன். உடனே ஃபோன் பண்ணி, "அப்ப உன்னோடதை எனக்குக் கொடுத்திடேன்" என்றான். தரமாட்டேன் என்றேன். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் கடைக்குப் போ. 12 கிலோவை உள்ளே போடச் சொல், இடுப்புப் பட்டையை நன்றாக இறுக்கிக்கொண்டு மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கு. கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்.