குட்டி யானையும் குடி யானையும்: பையில் வைக்க மூன்று கீபோர்டுகள்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை விட்டு இறங்கிய யானைகளைப் பற்றி ஒரு செய்தி அடித்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பத்திரிகை டெஸ்கிலிருந்து போன்.

"அண்ணே, யானை எங்க குடிச்சுது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தாயைப் பிரிந்த குடி யானைன்னு வந்திருக்குது."

'குட்டி'யில் ஒரு 'ட' காணவில்லை. நான் இரண்டு முறை அடித்தேன். கீபோர்டு ஒன்றைத்தான் வாங்கிக்கொண்டது. விரலுக்கு அது தெரியவே இல்லை. அன்றிலிருந்துதான் கீயின் தொடு உணர்வு என்பதை நான் சொகுசுக் கணக்கில் சேர்ப்பதை நிறுத்தினேன்.

நான் பகுதி நேர நிருபர். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆகிவிட்டது, ஆனால் என் பிழைப்பில் இரண்டும் இன்னும் ஒரே மாவட்டம்தான். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நாற்பத்தைந்து கிலோமீட்டர். காரிமங்கலம், காவேரிப்பட்டணம் என்று பஸ் நின்று நின்று போகும்போது மடியில் ஒரு பழைய ஐபேடும் புளூடூத் கீபோர்டும் இருக்கும். லேப்டாப் தூக்கும் வயது போய்விட்டது. இந்த நான்கு வருடத்தில் மூன்று வகைக் கீபோர்டுகளை வைத்துப் பார்த்துவிட்டேன்: மடக்கும் வகை, தட்டையான வகை, மெக்கானிக்கல்.

இவற்றை ஒப்பிடும் ஆங்கில வீடியோக்கள் ஏராளம். அவற்றில் நமக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்காது. 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 கீபோர்டு முறையில்தான் நான் அடிக்கிறேன். அதில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'குட்டி'க்கு க, உ, ட, ட, இ என்று ஐந்து அடி. நடுவில் ஒன்று நழுவினால் 'குடி'. அதேபோல் 'பட்டம்' படமாகும், 'கட்டை' கடையாகும், 'பாட்டி' பாடிவிடுவாள். எல்லாமே அகராதியில் இருக்கும் நல்ல சொற்கள் என்பதால் பிழைதிருத்தி கண்டுகொள்ளாது. ஆங்கிலத்தில் இரட்டை எழுத்தில் ஒன்று விடுபட்டால் பெரும்பாலும் அடியில் சிவப்புக் கோடு வந்துவிடும். நமக்கு வராது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடந்த குறைதீர்க்கும் கூட்டத்தை 'குறைதீர்க்கும் கூடம்' ஆக்கி அனுப்பிய புண்ணியமும் எனக்கு உண்டு.

எனவே என் கேள்வி ஒன்றுதான். எழுத்து பதிந்ததா இல்லையா என்று கண்ணின் உதவி இல்லாமல் விரலுக்குத் தெரிகிறதா? கீ வழவழப்பாக இருக்கிறதா, சத்தம் இனிமையா என்பதெல்லாம் அப்புறம்.

எனக்கு இந்தப் பழக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வந்தது. லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. பிப்ரவரி, ஆகஸ்ட் என்று வருடம் இரண்டு பரீட்சை. அந்த மிஷினில் சுண்டு விரலுக்கு வலு இல்லையென்றால் எழுத்து வெளிறிப் போய் நிற்கும். அழுத்தம் போதவில்லை என்று காகிதமே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது அந்த வேலையைக் கீதான் செய்ய வேண்டும்.

முதலில் வாங்கியது மடக்கும் கீபோர்டு. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், பெயர் தெரியாத கம்பெனி. மடித்தால் சட்டைப் பைக்குள் போய்விடும், அதில்தான் மயங்கினேன். மடிப்பு சரியாக நடுவில், டி (T)-க்கும் ஒய் (Y)-க்கும் இடையில் வருகிறது. தமிழ்99-ல் உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலது கையிலும் இருப்பதால், இந்தக் கீல் உயிரையும் மெய்யையும் பிரித்து வைக்கிறது! ரசித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றால், ஸ்பேஸ் பாரும் இரண்டு துண்டு. இதையெல்லாம் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பழகாதது இரண்டு.

ஒன்று, ஓரத்துக் கீகள். ஆங்கிலத்தில் அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சதுர அடைப்பு, சாய்கோடு ஆகியவை எப்போதாவது வருபவை. அதனால் இடம் பற்றாதபோது அவற்றைத்தான் முதலில் குறுக்குவார்கள். அந்த இடங்களில்தான் நமக்கு ந, ய, ச, ஞ, ழ உட்கார்ந்திருக்கின்றன. ச-வும் ய-வும் இல்லாமல் எந்தச் செய்தி எழுதுவது? என்னுடையதில் ச-வுக்குப் பாதி அகலக் கீ. விரல் ஒவ்வொரு முறையும் தேடிப் போய்த்தான் தொட்டது. கடைகளில் கீயின் மென்மையைப் பற்றிக் கேட்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. சாதாரணக் கீபோர்டில் ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மி.மீ. இருக்கும். ஸ்கேலைக் கொண்டு போய் அளந்தாலும் தப்பில்லை.

இரண்டாவது, மடி. நிருபர்களுக்கு மேசை கிடைப்பதில்லை. ஒகேனக்கல்லுக்கு எத்தனை கன அடி வருகிறது என்று காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவின் அளவைக் கேட்டு எழுதும்போது பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் இருப்பேன். மடக்கும் கீபோர்டை மடியில் வைத்தால் நடுவில் தொய்கிறது. கீயை அழுத்தினால் கீயோடு பலகையும் இறங்குகிறது, எது இறங்கியது என்று விரலுக்குக் குழப்பம். குடி யானை பிறந்தது இதில்தான். சரியான மேசையில் வைத்தால் இதே கீபோர்டு மோசமில்லை. ஆனால் மேசை இருந்தால் நான் ஏன் மடக்கும் கீபோர்டு வாங்குகிறேன்?

இரண்டாவது வகை, தட்டையான ஒற்றைப் பலகை. லாஜிடெக் கே380 இந்த வகையில் பலரும் அறிந்தது. பேட்டரியோடு 423 கிராம், இரண்டு சிறிய ஏஏஏ பேட்டரி, மூன்று கருவிகளில் மாற்றி மாற்றி இணைக்கலாம். மூவாயிரத்துக்கு முன்னே பின்னே விலை. வட்டக் கீகள் பார்க்க அப்பளம் மாதிரி இருக்கும். கீ ஒன்றரை மி.மீ. அளவுதான் இறங்கும். டைப்ரைட்டரில் பழகியவருக்கு முதல் நாள் வெறும் பலகையைத் தட்டுவது போலத்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் இந்த வகையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கீக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே கோத்திருக்கும். ஓரத்தில் அழுத்தினாலும் கீ சாயாமல் மட்டமாக இறங்கும். அதற்கு நடுவில் ஒரு ரப்பர் குமிழ். அது அமுங்கிக் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எழுத்து பதிகிறது. 'தொப்' என்று விட்டுக்கொடுக்கும் அந்த நொடிதான் விரலுக்குக் கிடைக்கும் பதில். ஆழம் குறைவு என்றாலும் பதில் தெளிவு. ஒரே செய்தியை மூன்றிலும் அடித்துப் பார்த்தபோது, இரட்டை மெய்யில் ஒன்றுகூட நழுவாமல் வந்தது இந்த வகையில்தான்.

ஆழத்தைக் குறைக்கவும் ஓர் எல்லை உண்டு. 2015-ல் ஆப்பிள் தன் லேப்டாப்பில் பட்டாம்பூச்சி என்ற பெயரில் மிக மெல்லிய கீயைக் கொண்டுவந்தது. கீ பதியவில்லை, இரட்டையாகப் பதிகிறது என்று புகார்கள் குவிந்து, 2018-ல் இலவசமாகப் பழுது பார்க்கும் திட்டத்தை அறிவித்தார்கள். 2019 கடைசியில் மறுபடி கத்தரிக்கோலுக்கே திரும்பினார்கள். சுத்தமான அறைகளில் ஓடிய கருவிக்கே அந்தக் கதி என்றால், தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் போகும் பஸ்ஸின் ஜன்னலோர சீட்டில் என்ன ஆகும்?

மூன்றாவது மெக்கானிக்கல். ஆசை யாரை விட்டது? ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்பிரிங், தனி சுவிட்ச். முழு உயரச் செர்ரி எம்எக்ஸ் சுவிட்ச் 4 மி.மீ. இறங்கும், பாதி வழியில் 2 மி.மீ.யிலேயே எழுத்து பதிந்துவிடும். பையில் வைக்கவென்று வரும் உயரம் குறைந்த சுவிட்ச்சுகள் சுமார் 3 மி.மீ. இறங்கும். நிறத்தை வைத்துக் குணம் சொல்வார்கள்: சிவப்பு தடையே இல்லாமல் வழுக்கும், பழுப்பில் நடுவில் ஒரு சின்ன மேடு தட்டும், நீலம் அந்த மேட்டோடு 'டிக்' என்று சத்தமும் போடும். பாதியில் பதியும் சுவிட்ச்சில் அந்த மேடு இல்லையென்றால் எங்கே பதிந்தது என்று தெரியாது. சிவப்புதான் வேகம் என்கிறார்கள். என்னைப் போல மிஷினில் அடித்து வளர்ந்த விரலுக்குப் பழுப்பு அல்லது நீலம்தான் பேசும்.

நான் வாங்கியது நீலம், ஒரு நண்பரிடமிருந்து பழையது. முதல் இரவு அடித்தபோது சந்தோஷத்தில் தேவையில்லாத இரண்டு பத்தி கூடவே எழுதினேன். உள் அறையிலிருந்து அம்மா, "நடுராத்திரியில யாருடா புளி தட்டுறது?" என்றார். எங்கள் பக்கம் புளியங்கொட்டை எடுக்கத் தட்டும் சத்தம் கேட்டவர்களுக்கு இதைவிடச் சரியான உவமை கிடையாது. பிரஸ் மீட்டில் அதைத் திறந்தால் அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்.

தொடு உணர்வை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் இதற்குத்தான் முதலிடம், சந்தேகமே இல்லை. ஆனால் அரைக் கிலோவை ஒட்டிய எடை, கீயின் உயரத்தால் பஸ்ஸில் மணிக்கட்டு வலி, அப்புறம் தூசி. சில மாதத்தில் 'ட' சுவிட்ச் ஒரு அடிக்கு இரண்டு எழுத்து போட ஆரம்பித்தது. முன்பு கூட்டம் கூடமானது. இப்போது பள்ளிக்கூடம் 'பள்ளிக்கூட்டம்' ஆனது. விரலுக்கு எல்லாம் சரியாகவே பட்டது என்பதுதான் இதில் வேடிக்கை. அது இப்போது வீட்டு மேசையில் இருக்கிறது. ஞாயிறு கட்டுரைகளுக்கு அதைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை, அம்மா தூங்கப் போவதற்கு முன்னால்.

பையில் இருப்பது தட்டைதான். அதற்கு அடியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை அட்டை ஒன்றை வைத்துக்கொண்டேன். அட்டை வந்த பிறகு அதே கீகள் இன்னும் அழுத்தமாகப் பேசுகின்றன. முப்பது ரூபாய் அட்டை ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது. இன்னொன்று: புளூடூத் கீபோர்டு எதுவானாலும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடும், எழுப்பும்போது முதல் எழுத்து போய்விடும். கீ எவ்வளவு நன்றாக இருந்தும் அதைச் சொல்லாது. ஷிப்டை ஒரு முறை தட்டி எழுப்பிவிட்டு ஆரம்பிப்பது என் வழக்கம்.

வாங்குவதற்கு முன் அடித்துப் பார்ப்பதுதான் சிக்கல். இங்கே பெரும்பாலான கடைகளில் சீல் வைத்த பெட்டியாகத் தருவார்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் பிரித்துத் தொட விடுவார்கள். முதலில் எஃப், ஜே மேலுள்ள சின்னப் புடைப்பைத் தடவுங்கள். தமிழ்99-ல் அவை புள்ளியும் ப-வும். புடைப்பு மழுங்கலாக இருந்தால் கை இடம் தவறும். அப்புறம் கண்ணை மூடி இரட்டை மெய் வரும் சொற்களை அடியுங்கள்.

போன மாதம் தங்கை மகனுக்கு வாங்க ஓசூரில் ஒரு கடையில் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தேன். கடைப்பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் சார் கண்ணை மூடிக்கிட்டு குட்டி, குட்டின்னு அடிக்கிறீங்க?" என்றான். யானைக்காக என்றேன். அடுத்த பெட்டியை அவன் பிரிக்கவில்லை.