டோர் ரப்பரும் விசில் சத்தமும்: இரண்டு வருடம் கழித்து

என் கார் 80-ஐத் தாண்டினால் ஓட்டுநர் பக்கம் காதோரமாக ஒரு 'உஸ்ஸ்' கேட்கும். 90-க்கு மேல் அதுவே விசிலாகிவிடும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக் கொஞ்ச காலம் சமாளித்தேன். பக்கத்தில் உட்காருபவர்கள் "கண்ணாடி முழுசா ஏறலையா?" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் கை வைத்தேன்.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே, ஒட்டும் வகை 'D' வடிவ ரப்பரை வாங்கி நான்கு கதவுக்கும் சுற்றி ஒட்டினேன். விசில் அப்படியே இருந்தது. கதவைத்தான் ஓங்கி அறைந்து சாத்த வேண்டியதாயிற்று! முன்கதவுகளில் ஒட்டியதை ஒரே வாரத்தில் பிய்த்தேன். பசையைச் சுரண்டி எடுக்க அரை நாள் போனது.

அப்புறம் மாஸ்கிங் டேப்புக்கு வந்தேன். காற்றில்லாத ஒரு காலையில் கதவு இடுக்கு, கண்ணாடி விளிம்பு, சைடு மிரர் பொருத்தியிருக்கும் முக்கோணம் எல்லாவற்றையும் வெளியிலிருந்து டேப்பால் மூடிவிட்டு ஓட்டினேன். விசில் இல்லை. அதே சாலை, அதே வேகம். ஒவ்வொரு முறை நிறுத்தியும் ஒரு துண்டைப் பிரித்தேன். முக்கோணத்து டேப் போனதும் 'உஸ்ஸ்' வந்தது. கதவின் பின்மேல் மூலையில் இருந்ததைப் பிரித்ததும் விசிலும் திரும்பியது. அந்த மூலையில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. மற்ற இடங்களில் இறுகப் பிடித்தது.

இதற்கு முன்பே தண்ணீர் பீய்ச்சிப் பார்த்திருந்தேன். ஒரு சொட்டும் உள்ளே வராததால் ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். ஆனால் வண்டி வேகமெடுக்கும்போது கண்ணாடிக்கு வெளியே காற்றழுத்தம் குறைந்து, கதவின் மேல் சட்டம் லேசாக வெளிப்பக்கம் இழுபடுகிறது. நிற்கும்போது மூடியிருக்கும் இடுக்கு ஓடும்போது திறந்துகொள்கிறது. நிற்கும் வண்டியில் தண்ணீர் அடித்து இதைப் பிடிக்க முடியாது.

அந்த மூலையில் உள்ளீடற்ற ரப்பர் நசுங்கி, பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் கிடந்தது. அதில் இருந்த காற்றுத் துளை வழியாக மெல்லிய, மிருதுவான சிலிக்கான் குழாயை ஒரு சாண் நீளத்துக்கு நுழைத்தேன். நுனியில் சோப்புத் தண்ணீர் தடவினால் சுலபமாகப் போகிறது. முக்கோணத்தின் உள்மூடியைக் கழற்றினால் பழைய பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. தண்ணீர் உறிஞ்சாத ஃபோமை அளவாக வெட்டி வைத்தேன். கதவுக் கொக்கி மாட்டும் ஸ்டிரைக்கரை, பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினேன். உண்மையில் இது தேவைப்பட்டிருக்காது என்றே இப்போது தோன்றுகிறது.

இரண்டு வருடமாகக் குழாயும் ஃபோமும் அசையவில்லை. பிய்க்காமல் விட்ட பின்கதவு ஒட்டு ரப்பர்தான் முதல் கோடையிலேயே மூலைகளில் வாய் பிளந்தது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரப்பரைத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் தடவுகிறேன். ஒருமுறை மறந்ததில் மேடுபள்ளத்தில் கீச்சிட்டது. கையில் கிடைக்கிறதே என்று பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவிவிடாதீர்கள். கதவு ரப்பர் பெரும்பாலும் இபிடிஎம் (EPDM) என்ற செயற்கை ரப்பர் வகை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதி இளகிவிடும். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளையும் எதைக் கொண்டும் அடைக்கக் கூடாது, உள்ளே தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும்.

போனில் இருக்கும் டெசிபல் செயலி முன்னைக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. டயர் இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது, அதை ரப்பர் ஒன்றும் செய்யாது. காதைக் குத்திய அந்த விசில் மட்டும் போய்விட்டது. 110-ல் மெல்லிய 'உஸ்ஸ்' மிச்சமிருக்கிறது. எதிர்ப்பக்கக் கதவுக்கும் குழாய் போடலாமா என்று கை துறுதுறுத்தது. காகிதம் அங்கே இன்னும் இறுகப் பிடிக்கிறது, அதனால் தொடவில்லை.